பத்து பத்துக்குப் பெருக்கும் துடைப்பம்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். கழற்றிவிட்டாள் என்றால் எதிரில் இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வது உத்தமம். அன்றைக்குக் காலையிலிருந்தே அது அவள் மூக்கின் மேல் இல்லை. கைப்பைக்குள் கிடந்தது.

துப்பறிவது அவள் பிழைப்பு. வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடிக்கும் குறைச்சல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. சூடு பட்டால் வெடிக்கிற குணத்தைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. கூட வந்தவன் ஒட்டடை. ஆறடிக்கு மேல் உயரம். சதை என்று சொல்லிக்கொள்ள உடம்பில் ஒன்றும் கிடையாது. பதினைந்து வருஷம் சாலையோரம் பள்ளம் தோண்டி கேபிள் புதைத்தவன். முதுகு போனதும் அவளிடம் உதவியாளாகச் சேர்ந்தான். முதுகுதான் போயிற்று, வாய் போகவில்லை.

மணி மூன்றரை. ஒன்பதாவது மாடியில் ஒரு மீட்டிங் அறை. சுவரெல்லாம் கண்ணாடி. நீள மேஜையின் ஒரு மூலையில், போட்ட இடத்திலேயே மறந்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இந்தக் கம்பெனியின் நெட்வொர்க் எஞ்சினியர். இன்னொருத்தி அவளுடைய மாமியார், கடுகை வரவழைத்தவள். இருவருக்கும் நடுவில் ஒரு தாள், தாளின் மேல் ஒரு பேனா.

கடுகு தாளை எடுத்து, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "என் கவனக்குறைவால் நெட்வொர்க் வழியை அழித்துவிட்டேன். நடந்த அனைத்துக்கும் முழுப் பொறுப்பும் என்னுடையதே."

"அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து போடணுமாம்," என்றாள் மாமியார். "போட்டா வேலை மட்டும் போகுமாம். போடலைன்னா, வேணும்னே அழிச்சாள்னு போலீஸுக்குப் போவாங்களாம். பெரிய மனசு பாருங்க!"

"போட்டா வேலை போறதோட முடியாது அத்தை," என்றாள் மருமகள். அழுது முடித்த குரல். "ஒரு மனுஷனைக் கொன்னது நான்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

விஷயம் இதுதான். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டர் வேலைகளை எல்லாம் இந்தக் கம்பெனிதான் ஏழு மாதத்துக்கு முன்னால் கிளவுடுக்கு, அதாவது எங்கோ தூரத்தில் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களுக்கு, மாற்றிக் கொடுத்தது. யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் அந்த அழைப்பு கிளவுடுக்குள் போய், பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறது என்று பார்த்து, கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு வந்து சேர வேண்டும். அது போய்வரும் வழியை வரைவதும் காவல் காப்பதும் மருமகளின் வேலை. போன வாரம் புதன்கிழமை காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அந்த வழி காணாமல் போனது. திரும்பி வந்தபோது மணி பத்து ஐம்பத்தொன்று. நடுவில் நாற்பத்தொரு நிமிஷம், போன் செய்தவர்கள் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு திரையும் மினுங்கவில்லை. அந்த நாற்பத்தொரு நிமிஷத்தில் ஒரு தையல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் மிஷின் மேலேயே சரிந்து போனார். அவருடைய மகன் பதினோரு தடவை போன் செய்திருக்கிறான். அந்தப் பதினோரு நேரத்தையும் இன்று காலை அவன் எழுதிக் கொடுத்த சீட்டு இப்போது கடுகின் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில்.

"அழிச்சது உன் பேர்ல பதிவாகியிருக்கே, எப்படிம்மா?" என்றாள் கடுகு.

"அதான் மேடம் புரியல. நான் அப்போ பஸ்ல நின்னுட்டு வந்தேன்."

"போன்லேருந்தே அழிச்சிருக்கலாம்னு சொல்றாங்க," என்று மாமியார் குறுக்கே பாய்ந்தாள். "இவளா? எங்க வீட்டு உப்பு டப்பாவுக்கே லேபிள் ஒட்டினவ. உப்பு தீர்ந்தா தேதி போட்டு எழுதுவா. இவளோட எனக்கு ஆயிரம் சண்டை இருக்கு, அது எங்க வீட்டுக் கணக்கு. ஆனா எழுதாம ஒரு துரும்பைக் கூட நகர்த்த மாட்டா."

யார் எப்போது எதைச் செய்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்த பதிவுத் தாளை மருமகள் நீட்டினாள். கடுகு அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பிறகு ஒட்டடையிடம் நீட்டினாள். "நேரத்தைப் படி."

"பத்து, பத்து, சைபர் சைபர்."

"அந்த சைபர் சைபர் என்ன?"

"செகண்டு அக்கா."

"இந்த ஆபீஸ்ல மத்தவங்க செஞ்ச வேலைக்குப் போட்டிருக்கிற செகண்டைப் படி."

"பதினேழு. நாப்பத்திரண்டு. ஒம்பது. அம்பத்தாறு." ஒட்டடை நிமிர்ந்தான். "கோபத்துல அழிக்கிறவ செகண்டு முள் உச்சிக்கு வரட்டும்னு காத்துக்கிட்டா இருப்பா? நான் கல்யாணத்துக்கே இவ்வளவு சரியா முகூர்த்தம் பாக்கல."

மருமகளின் முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் இறங்கியது. "துடைப்பம்," என்றாள்.

"எங்கே?" என்று ஒட்டடை காலைத் தூக்கிக்கொண்டான்.

அவள் விளக்கினாள். எந்த வழி எங்கே போகிறது, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று அத்தனையையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் புத்தகம் என்பார்கள். புத்தகத்தில் இல்லாதது நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. அது அந்த டீமின் சட்டம். அதற்காக மருமகளே ஒரு புரோகிராம் எழுதி வைத்தாள். தினமும் காலை பத்து பத்துக்கு அது எழுந்து, புத்தகத்தையும் நெட்வொர்க்கையும் ஒப்பிட்டு, புத்தகத்தில் இல்லாததைப் பெருக்கித் தள்ளிவிடும். அவள் எழுதியதால் அவள் பெயரிலேயே ஓடும்.

"அப்போ அழிச்சது நீயில்ல, துடைப்பம்."

"என் துடைப்பம்தானே மேடம்!" என்றாள் மருமகள். "நான் செஞ்சதுதானே அந்த ஆளைக் கொன்னது!"

கடுகு மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"வாயை மூடு! துடைப்பம் குப்பையைத்தான் பெருக்கும். ஆம்புலன்ஸ் போற வழியைக் குப்பையில வெச்சவன் எவன்? அதைச் சொல்லு. நீ அந்த வழியைப் புத்தகத்துல எழுதினியா இல்லையா?"

"நான் வரைஞ்ச வழியை எழுதினேன். வெளியாள் நுழையாம ரெண்டு காவல் கதவு வெச்ச வழி. அது புத்தகத்துல இருக்கு." அவள் திடீரென்று நின்றாள். "அதைத் துடைப்பம் தொடவே தொடாது. அப்படின்னா ஓடிக்கிட்டிருந்தது என் வழியே இல்ல. யாரோ கையால வேற குறுக்கு வழி போட்டிருக்காங்க. புத்தகத்துல எழுதல."

"எப்போ?"

"ஆரம்ப விழாவுக்காகத்தான் இருக்கணும். இன்னும் ரெண்டு வாரம் வேணும்னு நான் கெஞ்சினேன். ஒத்துக்கல. விழாவுக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். மறுநாள் வந்து பாத்தா எல்லாம் ஓடுது. உன் டிசைன்தான், வேலை செஞ்சிடுச்சு பாருன்னு மேனேஜர் சார் சொன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. உள்ள போய்ப் பாக்கல மேடம். அது என் தப்பு."

"ஏழு மாசம் தினமும் பெருக்கற துடைப்பம் அதை எப்படி விட்டு வெச்சுது?"

"தூங்க வெச்சிருப்பாங்க. வேலை நடக்கும்போது நிறுத்தி வெக்க ஒரு வசதி இருக்கு. ஆனா முப்பது நாள்தான். அதுக்கு மேல அது தானா முழிச்சுக்கும். யாரும் ஒரேயடியா தூங்க வெச்சிடக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதினேன். அது எதையாவது பெருக்கினாதான் எனக்கு ஆபீஸ் மெயில்ல தகவல் வரும். புதன்கிழமை நான் வந்து சேர்றதுக்குள்ள என் பாஸ்வேர்டைப் பிடுங்கிட்டாங்க, அதைப் பாக்கவே முடியல. அதுக்கு முன்னாடி ஏழு மாசமும் சத்தம் இல்லைன்னா எல்லாம் சுத்தமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"தூங்கற புள்ளையும் சத்தம் போடாது, திருடற புள்ளையும் சத்தம் போடாது," என்றாள் மாமியார்.

"நிறுத்தற சாவி யார்கிட்ட?"

"டீமுக்குப் பொதுவா ஒரே பாஸ்வேர்டு. நாலு பேருக்குத் தெரியும். பதிவுல பேர் வராது."

நாலு பேர். அதில் ஒருத்தர் முப்பது நாளைக்குள் ஒரு தடவை, மறக்காமல், துடைப்பத்துக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறார். போன வாரம் மட்டும் மறந்துவிட்டார்.

மணி நாலு ஐந்து.

மேனேஜரின் அறை அந்தத் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஆள் வாட்டசாட்டம். சட்டைக் கைகளை அளவெடுத்த மாதிரி மடித்திருந்தார். அலமாரியில் புத்தம் புதிய கேடயம் ஒன்று: 'ஒரு நொடியும் நில்லாத சேவைக்கு.' சுவரில் மாதக் காலண்டர். ஜன்னலோரம் பீங்கான் தொட்டியில் பச்சைப் பசேலென்று ஒரு செடி.

"உங்க வேதனை புரியுது," என்றார். வேதனைப்பட்டதாகத் தெரியவில்லை. "திறமையான பொண்ணுதான். பதவி உயர்வு கிடைக்கலைன்னு மனசுல வன்மம். நாங்க கவனக்குறைவுன்னு எழுதிக் காப்பாத்தப் பாக்கறோம். அதையும் வேண்டாங்கறா."

"அந்த வழி புத்தகத்துல இருக்கா சார்?" என்றாள் கடுகு.

"இல்லாம? அவ டிசைன். அவளே எழுதினா. அவளே கையால அழிச்சா."

"திருப்பிப் போட்டது?"

"நான்தான்." நெஞ்சு அரை அங்குலம் ஏறியது. "திங்கள் முதல் புதன் வரைக்கும் நான் ஊர்லயே இல்ல. இந்த விருது வாங்கப் போயிருந்தேன். ஏர்போர்ட்ல உக்காந்தே, புத்தகத்துல இருந்ததை அப்படியே திருப்பிப் போட்டேன்."

"அப்படியே?"

"எழுத்து மாறாம."

ஒட்டடை அறையைச் சுற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். காலண்டரின் பக்கங்களைப் புரட்டினான். அடுத்த பக்கம், முந்தின பக்கம், அதற்கும் முந்தினது. பிறகு செடியிடம் போய் இலை ஒன்றைக் கிள்ளினான். கடுகு அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஆறு வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு அவ்வளவு போதும்.

வெளியே வந்ததும் அவன் குனிந்து அவள் காதில் ஓதினான். கடுகின் மூக்கு நுனி சிவந்தது.

தாழ்வாரத்தில் கம்பெனித் தலைவி எதிரே வந்தாள். அறுபது வயது, வெள்ளை முடி, நேரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவள். கடுகு வழியை மறித்தாள்.

"அஞ்சு நிமிஷம் உங்க மேனேஜர் ரூமுக்கு வாங்க. நான் எதைச் சொன்னாலும் ஆமான்னு தலையாட்டுங்க. நான் சொல்றது தப்பா இருந்தா அந்தப் பொண்ணுகிட்ட நானே கையெழுத்து வாங்கித் தரேன்."

"மேடம், இது சட்டப்படி..."

"ஒரு ஆளு செத்திருக்கார். சட்டம் அஞ்சு நிமிஷம் வெளியில நிக்கட்டும்."

தலைவி வந்தாள். மருமகளும் மாமியாரும் பின்னாலேயே வந்தார்கள். அறை நிறைந்தது. மேனேஜர் எழுந்து நின்று புன்னகை செய்து பார்த்தார். அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

ஒட்டடை மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தான். நேரே ஜன்னலுக்குப் போய், செடித் தொட்டியில் முழுசாகக் கவிழ்த்தான். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் வழிந்து, மேனேஜரின் ஃபைல்களை நனைத்து, அவர் ஷூவின் மேல் சொட்டியது.

"யோவ்! அறிவில்ல? அது பிளாஸ்டிக்!" என்று கத்தினார் மேனேஜர்.

"தெரியும் சார்," என்றான் ஒட்டடை. "கிள்ளிப் பாத்தேன். உங்களுக்கும் தெரியும் போலிருக்கே! அப்புறம் எதுக்கு சார் காலண்டர்ல நாலு வாரத்துக்கு ஒரு திங்கள்கிழமை 'செடிக்குத் தண்ணீர்'னு எழுதி வெச்சிருக்கீங்க? ஏழு மாசமா ஒரு வாட்டி தவறாம டிக் போட்டிருக்கீங்க. போன வாரத் திங்கள் மட்டும் டிக் இல்ல. நீங்க மேடையில கேடயம் வாங்கிக்கிட்டிருந்தீங்க. திங்களோட இருபத்தெட்டு நாள், முப்பது நாள் புதன்கிழமை காலையில முடிஞ்சிருக்கு. பாவம், பிளாஸ்டிக் செடி தாகத்துல தவிச்சிருக்கும்."

"அது... அது வீட்டுச் செடிக்கு!"

"நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணியா? அதுக்குப் பட்டினியே போட்டிருக்கலாம். அதுவும் அந்தப் புதனுக்கு அப்புறம் செடியோட தாகம் புதன்கிழமைக்கு மாறிடுச்சு. அடுத்த மாசம் புதன்ல எழுதி வெச்சிருக்கீங்க."

தலைவி காலண்டரைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல."

"புரிய வேண்டாம்," என்றார் மேனேஜர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒரு காலண்டரை வெச்சு எதை நிரூபிக்கப் போறாங்க?"

"எதையும் இல்ல," என்றாள் கடுகு. குரல் சட்டென்று தணிந்துவிட்டது. அவளைத் தெரிந்தவர்கள் அந்தக் குரலுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். "காலண்டர் போகட்டும் சார். தலைவி மேடத்துகிட்ட அனுமதி வாங்கி, துடைப்பத்தை எழுப்பச் சொல்லிட்டேன். நாலரைக்குப் பெருக்க ஆரம்பிக்கும். சரிதானே மேடம்?"

தலைவி ஒரு நொடி தயங்கினாள். தலையாட்டினாள்.

மணி நாலு இருபத்தெட்டு.

மேனேஜரின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. "எழுப்பியாச்சா? யார் எழுப்பினது?"

"எதுக்குப் பதறறீங்க? வழிதான் புத்தகத்துல எழுத்து மாறாம இருக்கே. துடைப்பம் வந்து பாக்கும், எல்லாம் சரின்னு போயிடும்."

"நிறுத்துங்க!" அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு லேப்டாப்பின் மேல் பாய்ந்தார். பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. "ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க! ஆம்புலன்ஸ் லைன் மறுபடி போயிடும்! அது புத்தகத்துல இல்ல!"

தலைவி கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது. கை லேப்டாப்பின் மேலேயே கிடந்தது.

"துடைப்பம் தூங்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் கடுகு. "பொய் சொன்னேன். ஆம்புலன்ஸோட விளையாட நான் என்ன மேனேஜரா?"

தலைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் எதையோ சொல்ல ஆரம்பித்தார். விழா என்றார். மேலிடத்து அவசரம் என்றார். ரெண்டு காவல் கதவையும் விட்டுவிட்டுக் குறுக்கே போட்டது வெளியே தெரிந்தால் கம்பெனி மானம் போகும், அதனால்தான் எழுதவில்லை என்றார். சாவகாசமாகச் சரிசெய்யலாம் என்றிருந்தாராம்.

"ஏழு மாசம் சாவகாசம்!" கடுகு வெடித்தாள். "தூங்க வெக்கத் தெரிஞ்ச கைக்கு ஒரு வரி எழுதத் தெரியலையா? போன புதன், போட்ட கையோட ஒரு வரி எழுதியிருந்தா அதோட போச்சு. அதை விட்டுட்டு, மறுபடி கையால போட்டு, மறுபடி தாலாட்டி, பழியைத் தூக்கி இந்தப் பொண்ணு தலையில வெச்சே! இன்னொரு மாசம் நீ இன்னொரு மேடைக்குப் போனா இன்னொருத்தன் மிஷின் மேல சாயணும், இல்ல?"

கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"படி. சத்தமா."

"மேடம்..."

"படிடா!"

"பத்து பதினாலு," என்று படித்தார். "பத்து பதினஞ்சு. பத்து பதினாறு. பத்து பதினாறு." ஒட்டடை வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் சில இடத்தில் வாய் போகும். "பத்து இருபது. பத்து இருபத்திரண்டு..." பதினோராவது பத்து நாற்பத்தொன்பது. அதற்கு அப்புறம் மகன் போன் செய்யவில்லை. அதற்கு அப்புறம் தேவைப்படவில்லை.

மாமியார் கையெழுத்துத் தாளை மேஜை மேல் கொண்டுவந்து வைத்தாள். "இதுல வாசகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. 'முழுப் பொறுப்பும் என்னுடையதே'. பேனா இந்தாங்க சார். அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

தலைவி மருமகளைப் பார்த்து, "நடந்தது எல்லாத்துக்கும் கம்பெனி சார்பா..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அப்புறம் மேடம்." மருமகளின் குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது. "என் பாஸ்வேர்டைத் திருப்பிக் குடுங்க. அந்தக் குறுக்கு வழி இப்பவும் எழுதாமதான் கிடக்கு. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

கொடுத்தார்கள். அவள் மேனேஜரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவர் போட்ட குறுக்கு வழியைப் புத்தகத்தில் வரிக்கு வரி எழுதினாள். போட்டவர் யார் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். ஏன் என்ற இடத்தில் 'விழாவுக்காக' என்று எழுதினாள். எவ்வளவு நாளைக்கு என்ற இடத்தில் 'என் வழி தயாராகும் வரை மட்டும்' என்று எழுதினாள். மாமியார் பின்னால் நின்று, தனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தாள்.

கடுகு தாழ்வாரத்துக்கு வந்தாள். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. போனில் எண்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

"யாருக்கு அக்கா?" என்றான் ஒட்டடை.

"தையல்காரர் மகனுக்கு. அப்பா ஏன் செத்தார்னு அவனுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல."

எண்ணை அழுத்தினாள். பதினோரு தடவை மணி அடிக்கவிட்டுக் காத்திருந்தவன் அவன். அவள் போனை முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.